விலையைப் பிறகு பேசுவம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் சின்ன அச்சகம் நடத்துகிறேன். என் ஒருவன் பெயரில் பதிந்த வியாபாரம். கம்பனி என்றால் அதன் கடன் பெரும்பாலும் கம்பனியோடு நிற்கும். எனக்கு அப்படி இல்லை, கடைக் கடன் நேரே வீட்டுக்கு வரும்.

2022 ஜனவரியில் ஒரு நிறுவனத்துக்கு ஒரு வருடம் பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் அடித்துக் கொடுக்க ஒப்பந்தம் போட்டேன். ஆங்கிலத்தில் பதினொரு பக்கம். தொகையைப் பார்த்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வைத்தேன். வருடம் முடியும்வரை விலை மாறாது என்ற வரி ஏழாம் பக்கத்தில் கிடந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. புறக்கோட்டையில் காலையில் கேட்ட கடதாசி விலை பின்னேரம் இல்லை. மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே கடதாசி இல்லாமல் தள்ளிப்போன நேரம் அது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் கைக்காசு போட்டேன். மனைவியின் காப்பு அடகுக்குப் போனது.

அதைவிட வலித்தது இன்னொன்று. அதே நிறுவனத்திலிருந்து ஒரு நாள் அழைப்பு: "அண்ணை, அவசரமா மூவாயிரம் பெட்டி வேணும். விலையைப் பிறகு பேசுவம்." அடித்துக் கொடுத்தேன். அப்புறம் ஒவ்வொரு மாதமும் "அடுத்த மாதம்" என்றார்கள். நெருக்கினால் வாடிக்கை போய்விடும் என்று பொறுத்தேன்.

பதினான்கு மாதம் கழித்து, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். அவர் தொகையைக் கேட்கவில்லை, திகதியைத்தான் முதலில் கேட்டார். பிறகு, கொஞ்சக் காசாவது தந்தார்களா, கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் ஏதாவது அனுப்பினார்களா என்றார். எல்லாம் வாய்ப்பேச்சு. எழுத்து ஒப்பந்தம் என்றால் வழக்குப் போட ஆறு வருடம் இருக்கிறதாம். எழுத்தே இல்லாமல் கொடுத்த சாமானுக்கும் செய்த வேலைக்கும் காசு தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடம்தான். 1871ஆம் ஆண்டுச் சட்டம். நான் மரியாதைக்காகப் பொறுத்த நாட்களெல்லாம் அந்த ஒரு வருடத்தில்தான் கழிந்திருக்கின்றன.

இப்போது என் விலைப் பத்திரத்தில் "இந்த விலை 14 நாட்களுக்கு மட்டும்" என்று போடுகிறேன். தொலைபேசியில் வேலை வந்தால் எண்ணிக்கை, விலை, காசு தரும் திகதி மூன்றையும் வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். "சரி" என்று பதில் வந்த பிறகுதான் மெஷின் ஓடும். போன வாரம் பழைய வாடிக்கையாளர் ஒருவர், "என்னிலயும் நம்பிக்கை இல்லையா தம்பி?" என்று மனம் நொந்து கேட்டார். அந்த மூவாயிரம் பெட்டிக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பதில் அனுப்பினார்.