நீண்ட ஆட்டத்தை எப்போது முடிப்பது?

ஆளுக்கொரு பாத்திரமாக நடித்து, சேர்ந்து ஒரு கற்பனைக் கதையை வளர்க்கும் ஆட்டமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வெளிவந்தபோதே அதில் வெற்றி, தோல்வி என்று ஒரு முடிவு வைக்கப்படவில்லை. பாத்திரங்கள் வளர வளரக் கதையும் நீண்டுகொண்டே போகலாம். ஆகவே, நிறுத்தும் பொறுப்பு மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களுடையது.

2014-ஆம் ஆண்டுப் பதிப்பின் விதிகளில் பாத்திரங்களின் வலிமை 20-ஆம் நிலை வரை வளர்கிறது. ஆனால் 17-ஆம் நிலையிலேயே மந்திரவாதிக்கு 'விஷ்' என்னும் மந்திரம் எட்டிவிடுகிறது. நினைத்ததை நிகழ்த்தக்கூடிய ஒருவருக்குக் கொள்ளையர் கூட்டமோ உடைந்த பாலமோ ஒரு தடையே அல்ல. அதற்கு ஈடுகட்ட வாரந்தோறும் உலகத்தையே அழிவின் விளிம்பில் நிறுத்த நேர்ந்தால், அந்த அழிவுக்கும் யாரும் பதறமாட்டார்கள்.

என்னைப் பொறுத்தவரை, விதிகளைவிட ஆட்டக்காரர்களின் பேச்சே நம்பகமான அறிகுறி. முன்பெல்லாம் ஆட்டம் கலைந்த பிறகும் வாசலில் நின்று, "அந்த அரசி பொய் சொல்கிறாள்" என்று வாதிட்டவர்கள், இப்போது தங்கள் முறை வரும்போதுதான் தலைநிமிர்ந்து, "யாரை அடிக்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள். காணாமற்போன தங்கையோ பறிபோன ஊரோ, ஒரு பாத்திரம் தேடிவந்தது கிடைத்துவிட்ட பிறகு, ஆட்டத்தை நீட்டிப்பதற்காகவே புதிய பகைவனைக் கொண்டுவருவதை நான் விரும்புவதில்லை. இந்த ஆட்டத்தை ஆடி இணையத்தில் ஒளிபரப்பும் கிரிட்டிக்கல் ரோல் குழுவினர் தங்கள் முதல் தொடரை 2017-இல் 115-ஆம் பகுதியோடு முடித்தபோது, பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கையைச் சொல்லவும் அதில் இடம் வைத்தார்கள்.

முடிவெடுத்ததும் அதை ஆட்டக்காரர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். இன்னும் நான்கைந்து அமர்வுகள்தான் என்று தெரிந்தால், சேமித்து வைத்த மந்திரப் பொருட்களையும் இதுவரை சொல்லாத இரகசியங்களையும் அவர்களே வெளியே எடுப்பார்கள்.