ஒரு கார், இரண்டு பேர், பதினைந்து வளைவுகள்

சிங்கப்பூர் என்றதும் கார்ப் பந்தய ரசிகர்களுக்கு மரினா பே நினைவுக்கு வரும். 2008-இல் தொடங்கிய அந்த ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயத்தை நானும் ஒவ்வொரு முறையும் கண்கொட்டாமல் பார்க்கிறேன். ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே வாரயிறுதியில் பந்தயம் ஓட்ட விரும்பும் என்னைப் போன்ற இளையருக்கு இந்தத் தீவில் கார் பந்தயத்துக்கென நிரந்தரத் தடம் ஒன்றும் இல்லை. சாங்கியில் ஒன்று அமைக்கும் திட்டம் பேசப்பட்டுக் கைவிடப்பட்டது.

ஒரு காலத்தில் இங்கே சாலையே தடமாக இருந்திருக்கிறது. 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையில் கிராண்ட் பிரீ நடந்தது. ஒரு சுற்று ஏறக்குறைய 4.8 கிலோமீட்டர். மழைநீர்க் கால்வாய், விளக்குக் கம்பம், பஸ் நிறுத்தம் ஆகியவற்றை உரசிக்கொண்டு கார்கள் பறந்தனவாம். உயிர்களும் போயின. அதன் ஒரு பகுதி இன்று ஓல்டு அப்பர் தாம்சன் சாலை என்ற ஒருவழிப் பாதை. பக்கத்தில் தாம்சன் இயற்கைப் பூங்கா. குரங்குகள் சாலையைக் கடக்க மேலே கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். அந்த வழியே போகும்போதெல்லாம் அடுத்தடுத்து நெளியும் வளைவுகளில் காரை ஓட்டும் கோட்டைப் போட்டுப் பார்ப்பேன், மனத்தில் மட்டும்.

ஆகவே நாங்கள் மலேசியாவுக்குப் போகிறோம். முன்பு ஜோகூரின் பாசிர் கூடாங்கில் ஒரு தடம் இருந்தது. 1998-இல் உலக மோட்டார்சைக்கிள் கிராண்ட் பிரீயே நடந்த இடம். அதுவும் மூடப்பட்டுவிட்டதால் எங்களுக்குக் கிடைப்பது கோலாலம்பூருக்குத் தெற்கே உள்ள செப்பாங். சிங்கப்பூரின் மேற்கு எல்லைச் சாவடியான துவாஸிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர்.

நாங்கள் என்றால் நானும் என் அண்ணனும், அதாவது பெரியப்பா மகனும். பந்தயக் கார் எங்கள் இருவருக்கும் பொது. 1.5 லிட்டர் எஞ்சின் உள்ள பழைய ஹேட்ச்பேக். உள்ளே இருக்கை, கம்பளம், வானொலி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, உருண்டாலும் நசுங்காதபடி இரும்புக் கூண்டு பொருத்தியது. அது சிங்கப்பூருக்கு வந்ததே இல்லை. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சிஓஇ, அதாவது கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ் மட்டுமே 106,000 வெள்ளிக்கு ஏறியது. பந்தயத்துக்கு மட்டும் ஒரு காரை இங்கே பதிவுசெய்வது எங்களைப் போன்றவர்களால் ஆகாத காரியம். அதனால் கார் மலேசியாவின் கிள்ளானில், ஒரு மெக்கானிக் அண்ணனின் பட்டறையில் வளர்கிறது. வாடகை, டயர், பதிவுக் கட்டணம் எல்லாம் பாதிப் பாதி. ஓட்டும் நேரமும் பாதி.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அண்ணனின் சொந்தக் காரில் கிளம்பினோம். பின்னிருக்கையில் ஹெல்மெட்டுகள், தீப்பிடிக்காத உடுப்புகள், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி, பெரியம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு. சிங்கப்பூர்க் கார் எல்லை தாண்ட வேண்டுமானால் பெட்ரோல் தொட்டி முக்கால்வாசி நிறைந்திருக்க வேண்டும். மலேசியாவின் விஇபி எனும் வாகன நுழைவு அனுமதி ஒட்டுவில்லை வேண்டும், சுங்கச்சாவடிக்கு டச் அண்ட் கோ அட்டை வேண்டும். கடப்பிதழை நீட்டாமல் கியூஆர் குறியீட்டைக் காட்டியே சிங்கப்பூர்க் குடிநுழைவைத் தாண்டிவிடலாம் என்றாலும், வெள்ளி மாலை துவாஸில் நெரிசல் நெரிசல்தான். மச்சாப் ஓய்விடத்தில் தே தாரிக் குடித்துவிட்டு, நள்ளிரவுக்குப் பிறகு நீலாயில் ஒரு மலிவு விடுதியில் விழுந்தோம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் செப்பாங் நான் மிகவும் விரும்பும் செப்பாங். 1999-இல் திறந்த தடம். 2017 வரை மலேசிய ஃபார்முலா ஒன் இங்கேதான் நடந்தது. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் இங்கே ஓட்டினார். சென்னை கருண் சந்தோக் 2010-இல் ஓட்டினார். கார்களைத் தயார்செய்யும் அதே பிட் சாலையில், அதே வெள்ளைக் கோட்டில் எங்கள் சின்னக் கார் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

கிளப் பந்தயம் என்பது பெரும்பாலும் காத்திருப்பு. முதலில் பரிசோதனை. இருக்கை வார் காலாவதியாகிவிட்டதா, தீயணைப்பான் உறுதியாகப் பொருந்தியிருக்கிறதா, இழுவைக் கொக்கி உண்டா, ஹெல்மெட் முத்திரை சரியா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பிறகு ஓட்டுநர்களுக்கான விளக்கக் கூட்டம். மஞ்சள் கொடி ஆடினால் முந்தக்கூடாது, நீலக் கொடி என்றால் பின்னால் வேகமான கார், மஞ்சளில் சிவப்புக் கோடு இருந்தால் தடம் வழுக்குகிறது. எல்லாரும் மனப்பாடமாக அறிந்தவைதான். இருந்தும் யாரும் கைப்பேசியை எடுப்பதில்லை. 2011-இல் மோட்டார்சைக்கிள் வீரர் மார்கோ சிமோன்செல்லி இதே தடத்தின் பதினோராம் வளைவில் நேர்ந்த விபத்தில் இறந்தார். அந்த அறையில் இருக்கும் எல்லாருக்கும் அது தெரியும்.

சனிக்கிழமைப் பந்தயம் அண்ணனுடையது. நான் டயர்க் காற்றழுத்தம் பார்த்தேன், பிட் சுவரில் நின்று நேரம் குறித்தேன். டயர் சூடாக ஆகக் காற்றழுத்தம் ஏறும். அதனால் குளிர்ந்த நிலையில் குறைத்து வைத்துத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் மிகவும் குறைத்தால் முதல் இரண்டு சுற்றில் கார் குழையும். அண்ணன் நடுவரிசையில் தொடங்கி நடுவரிசையிலேயே முடித்தான். இறங்கியதும், “ஒன்பதாம் வளைவில் எல்லாரும் உள்பக்கம் மறிக்கிறார்கள். நீ வெளியே அகலமாகப் போய்ப் பார்” என்றான். பாதிக் கார் வைத்திருப்பதன் பலன் இதுதான். ஒருவர் அறிந்தது மற்றவர் கைக்கு அன்றே வந்துவிடும்.

இந்தத் தடத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 5.543 கிலோமீட்டர். நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் முதல் வளைவு வலப்பக்கம் சுருண்டுகொண்டே போகும். எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. உடனே இடப்பக்கம் இறக்கத்தில் இரண்டாவது. ஐந்தும் ஆறும் வேகமாக இடம், வலம் என்று மாறும்போது கழுத்து நரம்பு புடைக்கும். பதினான்காம் வளைவில் காரைத் திருப்பிக்கொண்டே பிரேக் போட வேண்டும். பின்பாரம் லேசாகி வால் வெளியே வரப் பார்க்கும். அதை அடக்கினால்தான் பின்புற நேர்ச்சாலையில் வேகம் கிடைக்கும். எங்களுடையதுபோல் வலுக் குறைந்த காருக்கு அந்த வேகமே எல்லாம். வளைவில் விட்டதை நேர்ச்சாலையில் மீட்க எஞ்சினில் ஒன்றுமில்லை. நல்ல ஓட்டுநராக விரும்புகிறவர்கள் சிறிய காரில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஞாயிறு பிற்பகல் என் முறை. வானம் கறுத்தது. செப்பாங்கின் மாலை மழைக்கு வரலாறே உண்டு. 2009 ஃபார்முலா ஒன் பந்தயம் மழையால் பாதியில் நின்று, பாதிப் புள்ளிகளே வழங்கப்பட்டன. மெக்கானிக் அண்ணன் வானத்தைப் பார்த்துவிட்டு என் இருக்கை வாரை இன்னும் ஒரு முறை இறுக்கினார். “வந்தால் வரட்டும் தங்கச்சி. கறுப்புக் கோட்டை விட்டு விலகி ஓட்டு, போதும்” என்றார்.

தொடக்க விளக்குகள் அணைந்தன, பந்தயம் தொடங்கியது. முதல் வளைவில் சுற்றிலும் கார்கள், ரப்பர் வாடை, யாரோ யாரையோ உரசும் தகரச் சத்தம். மூன்றாம் சுற்றில் முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. நான்காவதில் ஒன்பதாம் வளைவில் மஞ்சள் சிவப்புக் கொடி. மெக்கானிக் அண்ணன் சொன்னதன் பொருள் இதுதான்: உலர்ந்த நாளில் எல்லாரும் ஓட்டும் கோட்டில் டயர் ரப்பர் படிந்து பிடிமானம் கூடும், நனைந்தால் அதே ரப்பர் எண்ணெய்போல் வழுக்கும். செப்பாங் அகலமான தடம், விலகி ஓட்ட இடம் தரும். ஒன்பதாம் வளைவில் முன்னால் போன இரண்டு கார்கள் உள்பக்கத்தில் வழுக்கிக்கொண்டு நிற்க, நான் வெளியே, யாரும் தொடாத சொரசொரப்பான தார் மீது, மெதுவாகச் சுற்றி மேட்டில் ஏறினேன். ஸ்டியரிங்கில் முன் டயரின் பிடி கைக்குத் தெரிந்தது. மேட்டின் உச்சியில் இரண்டு கார்களும் எனக்குப் பின்னால் இருந்தன. ஹெல்மெட்டுக்குள் கத்தியேவிட்டேன்.

கட்டம் போட்ட கொடி விழுந்தபோது எங்கள் பிரிவில் ஆறாம் இடம். கோப்பை இல்லை. பிட்டுக்குத் திரும்பியபோது அண்ணன் சுவர்மேல் ஏறி நின்று இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா கேட்டார், “அஜித் ஓட்டுகிற பந்தயமா?” 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றதிலிருந்து உறவினர் வீடுகளில் என் விளையாட்டை விளக்குவது எளிதாகிவிட்டது. அதற்கு அவருக்கு நன்றி.

திரும்பும் வழியில் ஆயர் குரோவில் சாப்பிட்டபடி கணக்குப் பார்த்தோம். முன் பிரேக் கட்டைகள் தேய்ந்துவிட்டன. பிரேக் எண்ணெய் கொதித்த வாடை வந்ததால் அதையும் மாற்ற வேண்டும். டயர்கள் இன்னொரு வாரயிறுதிக்குத் தாங்கும். அடுத்த முறை சனிக்கிழமை என்னுடையது, ஞாயிறு அவனுடையது.

படிக்கும் இளையர் யாருக்காவது ஆர்வம் இருந்தால், முதலில் கார்ட்டிங் எனும் சின்னப் பந்தய வண்டியில் உட்கார்ந்து பாருங்கள். பிறகு தடத்தில் பழகும் நாள் ஒன்றுக்கு வாருங்கள், சொந்தக் கார் வேண்டியதில்லை. பொதுவாக வாகனக் காப்புறுதி பந்தயத்துக்குச் செல்லாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எங்கள் பிட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் காற்றழுத்தம் பார்க்கவும் நேரம் குறிக்கவும் ஓர் ஆள் தேவைப்படுகிறார். துவாஸிலிருந்து எங்கள் காரில் ஓர் இருக்கை காலி. புளிச்சோறு பெரியம்மா தருவார்.