இட்லித் துணியும் ஒரு வாளி நுரையும்

நேத்து சாயங்காலம் இட்லி ஊத்தலாம்னு துணியத் தேடுறேன், காணோம். அத்தைகிட்ட கேட்டா வசந்தம் டிவி சீரியல்லேருந்து கண்ண எடுக்காமயே "பின்னாடி போய்ப் பாரும்மா"ங்கறாங்க. போய்ப் பாத்தா வாஷிங் மெஷின் மேல ஒரு பெரிய வாளி, அதுக்குள்ள என் துணி மூட்டையாத் தொங்குது, மூட்டைக்குள்ள மண்புழு உரம்!

நம்மாளு, அதான் என் வீட்டுக்காரரு, அவரப் பத்திதான் தெரியுமே. மீன் வளர்ப்பு சீசன் முடிஞ்சு, மீனெல்லாம் போய்ச் சேந்து, இப்ப இயற்கை விவசாயம். அந்தத் தொட்டி பம்பத்தான் இதுல மாட்டிருக்காரு, குழாய் நுனில ஏர் ஸ்டோன்னு காத்தக் குமிழியாக்குற கல்லு, வாளி அடிலேருந்து குபுகுபுன்னு காத்து. ஒரு கட்டி வெல்லம் வேற போட்டாச்சு. ஒரு நாள் பூரா காத்து ஊதினா நல்ல நுண்ணுயிரெல்லாம் வெல்லத்தத் தின்னுட்டு கோடிக்கணக்குல பெருகுமாம், காத்து நின்னா கெட்டது கை ஓங்கி நாத்தம் எடுத்துருமாம், அதனால பம்ப நிறுத்தின சில மணி நேரத்துல செடிக்கு ஊத்திடணுமாம். செடின்னா எது? காரிடார்ல இருக்கிற ஒரு கறிவேப்பிலை, ஒரு துளசி, ரெண்டு சின்ன மொளகா. அதுக்கு 15 லிட்டர். தஞ்சாவூர் டெல்டாவுக்கே பாசனம் பண்ற மாதிரி.

இதுல பெரிய கொடுமை தண்ணிதான். நம்ம சிங்கப்பூர் பைப் தண்ணில கிருமியக் கொல்ல குளோரமின் போட்டிருக்கு, வெறும் குளோரின் மாதிரி ராத்திரி தொறந்து வச்சா பறந்து போகாது, அது நுண்ணுயிரக் கொன்னுரும்னு ஒரு லெக்சர். அதுக்கு வைத்தியம் வைட்டமின் சியாம். என் மாத்திரை டப்பா காலி. எனக்கு சளி புடிச்சப்ப ஒரு மாத்திரை எடுத்துக் குடுக்காத மனுஷன்!

லிஃப்ட்கிட்ட சிவப்பு டெங்கி பேனர் தொங்குது, இந்த நேரத்துல வாளில தண்ணியான்னு கேட்டேன். ஓடுற தண்ணில கொசு முட்டை போடாதாம். எல்லாத்துக்கும் பதில் இருக்கு.

கீழ் வீட்டு அங்கிளுக்குத்தான் பதில் இல்ல. ராத்திரி பதினொரு மணிக்கு சிங்லெட் பனியனோட மேல வந்துட்டாரு, யாரு இந்நேரத்துல ட்ரில் போடுறதுன்னு. பம்ப் அதிர, மெஷின் அதிர, அவரு கட்டில் வரைக்கும் போயிருக்கு போல. சாரி அங்கிள் சாரி அங்கிள்னு பம்ப நிறுத்தியாச்சு. நம்மாளு மூஞ்சி தொங்கிப்போச்சு, பாதில விட்டா எல்லாம் செத்துரும்னு புலம்பிட்டு, புலம்பின அஞ்சாவது நிமிஷம் குறட்டை.

நடுராத்திரில தண்ணி குடிக்க எந்திரிச்சா பின்னாடி லைட் எரியுது. அத்தை ஸ்டூல் போட்டு உக்காந்து என் சாம்பார் கரண்டியால வாளியக் கலக்கிக்கிட்டு இருக்காங்க. ஊர்ல மாமா சாணி, கோமியம், வெல்லம் போட்டு கரைசல் வைப்பாராம், பம்பாவது ஒண்ணாவது, குச்சியால கலக்குறதுதானாம், வெளியூர் போனா அத்தைதான் கலக்கணுமாம். "ஒரு நா மறந்துட்டேன், ஒரு வார்த்தை திட்டல மனுஷன், திரும்ப மொதல்லேருந்து கரைச்சாரு." சொல்லிட்டு நுரையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. கை வலிக்கும் குடுங்கத்தைன்னு கரண்டிய வாங்கி நானும் கொஞ்ச நேரம் கலக்கினேன். என்னத்தச் சொல்ல.

காலைல ஐயா ஃப்ரெஷ்ஷா எந்திரிச்சு மோந்து பாத்துட்டு "சூப்பர், மண்வாசனை! அடுத்த தடவை பெரிய ட்ரம்ல போடலாம்"ங்கறாரு.

"ட்ரம் எதுக்குடா, ஒரு மாடு கெடைக்குமா பாரு"ங்கறாங்க அத்தை.

"மாட்டுக்கு எங்கம்மா போறது, லிம் சூ காங்ல ஆட்டுப் பண்ணை வேணா இருக்கு."

"ஆட்டுப் புழுக்கையும் நல்ல உரந்தாண்டா."

சனிக்கிழமை ரெண்டு பேரும் கெளம்புறாங்களாம். என் மார்க்கெட் ட்ராலியத் தொடைச்சு வாசல்ல வச்சாச்சு.