மானியக் கணக்கும் ஒரு பித்தளை அண்டாவும்

என் தகப்பனார் காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அன்றாட வரவு செலவுச் சிட்டையைப் பேரேட்டில் ஏற்றி ஐந்தொகை சரியாக நிற்காத இரவில் அவருக்குச் சோறு இறங்காது. அந்தக் குணம் எனக்கும் ஒட்டிக்கொண்டதால், குழந்தைகள் பாதுகாப்பு மானியங்களைக் கவனிக்கும் பொறுப்பு வந்தபோது நான் தயங்கவில்லை. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் பணம் வரும். செலவுக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பினால்தான் அடுத்த தவணை கிடைக்கும். வட்டிக்கடைக் கணக்கைவிட எளிது என்றே நினைத்தேன்.

அந்த நினைப்பை மாற்றியது ஒரு பித்தளை அண்டா. உரிமையாளர்கள் வெளியூரில் இருக்க, ஆண்டு முழுதும் பூட்டிக் கிடக்கும் வளவு வீடுகள் செட்டிநாட்டில் ஏராளம். அவற்றின் கதவு நிலை முதல் எனாமல் தூக்கு வரை வாங்கிக்கொள்ளக் காரைக்குடியிலேயே பழம்பொருள் கடைகள் உண்டு. அப்படியொரு வீட்டு அண்டாவை விற்கப் போன 16 வயதுப் பையன் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்டான். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 15 நாட்களுக்குள் தரவேண்டிய சமூக விசாரணை அறிக்கையில், தந்தை இறந்துவிட்டார், தாய் ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் கூலி வேலை செய்கிறார், பையன் படிப்பை நிறுத்தி ஓராண்டாகிறது என்று நன்னடத்தை அலுவலர் எழுதியிருந்தார். (ஒரு பிள்ளையின் வீட்டை இரண்டு பக்கத்தில் அவரைப் போல் எழுதியவரை நான் பிறகு பார்க்கவில்லை.) குழுமம் அறிவுரை கூறி அவனைத் தாயுடன் அனுப்பியது. விதவைத் தாயின் பிள்ளை என்பதால் நிதி ஆதரவும் அனுமதிக்கப்பட்டு, அவன் மீண்டும் பள்ளிக்குப் போனான். இப்போது மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் இந்த ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள், அன்று 2,000.

சில மாதங்களில் பணம் நின்றது. ஒரு கணக்குத் தலைப்பில் காட்டவேண்டிய செலவை வேறொரு தலைப்பில் ஏற்றி நான் அனுப்பிய சான்றிதழ் திரும்பி வந்திருந்தது. அதைத் திருத்தி, தணிக்கையாளரிடம் மறுபடி கையொப்பம் பெற்று அனுப்புவதற்குள் அரையாண்டு ஓடிவிட்டது. தவறு என்னுடையது, ஆனால் ஒரு தலைப்பு பிசகியதற்காக ஒரு பையனின் பேருந்துக் காசு நிற்கும்படி அமைத்த ஏற்பாட்டை என்னால் இன்றும் நியாயப்படுத்த முடியவில்லை. மார்ச் கடைசி வாரத்தில் பணம் வந்து சேர்ந்தபோது அவன் பள்ளியை விட்டு வெளியூர் வேலைக்குப் போயிருந்தான். பள்ளி வருகை இல்லாமல் உதவியைத் தொடர விதியில் இடமில்லை. திரும்பி வருவான் என்று காத்திருந்ததில் 18 வயதும் கடந்துவிட்டது.

மிஞ்சிய தொகையை, வங்கி அதற்குக் கொடுத்த வட்டியுடன் சேர்த்து, விதிப்படி அரசுக் கணக்கில் திருப்பிச் செலுத்தினேன். அந்த ஆண்டுக் கணக்கு ஒரு ரூபாய்கூடப் பிசகாமல் நின்றது. சிறார் குற்றம் பிற்காலத்தில் அவர்களைத் துரத்தக்கூடாது என்பதால், வழக்குப் பதிவேடுகளை உரிய காலத்திற்குப் பின் அழித்துவிடச் சட்டம் சொல்கிறது. அந்த 2,000 ரூபாய்க் கணக்கின் கோப்பினை மட்டும், தணிக்கைக்காக, என் கையாலேயே அடுக்கில் கட்டி வைத்தேன்.