நெறிக்கட்டியும் ஒரு கையெழுத்தும்

இங்கிலாந்துக்குக் குடிவந்து ஓரளவு காலூன்றிய பிறகு, என் கழுத்தின் வலப்புறத்தில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியது. வலியோ காய்ச்சலோ இல்லை. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, தானாக வந்தது தானாக வற்றிவிடும் என்றே தோன்றும். இது வற்றவில்லை. குடும்ப மருத்துவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, புற்றுநோயா என்று உறுதிசெய்ய வேண்டிய அவசரப் பரிந்துரையாக மருத்துவமனைக்கு எழுதினார். அப்படி அனுப்பப்படுபவருக்கு நோய் உண்டா இல்லையா என்பதை 28 நாட்களுக்குள் சொல்லிவிட வேண்டும் என்பது இங்குள்ள தேசிய சுகாதாரச் சேவையின் இலக்கு. ஸ்கேனும் ஊசியால் எடுத்த மாதிரியும் தெளிவான முடிவைத் தராததால், அந்தக் கட்டியையே எடுத்துப் பயாப்சி, அதாவது திசுச் சோதனை, செய்வது என்று ஆயிற்று.

ஊரில் என் மாமனாருக்கு வயிற்றில் அறுவை நடந்தபோது, மருத்துவர் பேசியதெல்லாம் பிள்ளைகளோடுதான். படுத்திருந்தவரிடம் "சின்ன ஆபரேஷன், பயப்படாதீங்க" என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. அது அன்பினால் நடந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. இங்கே அறுவை மருத்துவர் என் எதிரில் உட்கார்ந்து, ஒப்புதல் படிவத்தில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக என்னிடமே சொன்னார். தழும்பு, ரத்தக்கசிவு, தொற்று ஆகியவற்றோடு, தோளை உயர்த்தும் தசைக்குச் செல்லும் நரம்பு அந்த இடத்தில் தோலுக்கு மிக அருகில் ஓடுவதால், அது காயப்பட்டால் கையைத் தலைக்குமேல் தூக்குவது கடினமாகலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆங்கிலத்தில் சொல்வதைக் கணவரே எனக்குத் தமிழில் சொல்லிவிடுவார் என்றேன். வீட்டார் நம்மேல் உள்ள பாசத்தால் சிலவற்றைச் சொல்லாமல் விட்டுவிடக்கூடும் என்று பொறுமையாக விளக்கிய நர்ஸ், தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைத்தார். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. கேட்டதெல்லாம் அச்சமூட்டியது, ஆனாலும் என் உடலுக்கு நடக்கப்போவதை முழுவதும் தெரிந்துகொண்டு கையெழுத்திட்டபோது எனக்கு ஒரு தெம்பு வந்தது.

அறுவை அறையில் பெயரையும் பிறந்த தேதியையும் மறுபடி மறுபடி கேட்டார்கள், கழுத்தில் மையால் போட்டிருந்த அம்புக்குறியைச் சரிபார்த்தார்கள். மரத்துப்போவதற்கான ஊசி முதலில் சுரீரென்று எரிந்தது. பிறகு வலி இல்லை, தோலை இழுப்பதும் அழுத்துவதும் மட்டும் தெரிந்தன. ரத்தக் குழாய்களைச் சுட்டு மூடும்போது எழுந்த கருகல் வாடைக்குத்தான் மனம் தயாராக இருக்கவில்லை. எடுத்த திசுவை இரண்டு குப்பிகளில் பிரித்துப் போட்டதன் காரணத்தைக் கேட்டேன். ஒன்றில் ஃபார்மலின் இருந்தது, அது நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு. ஃபார்மலின் கிருமிகளைக் கொன்றுவிடும் என்பதால், காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்கான பகுதி அது இல்லாத குப்பிக்குப் போனது. அன்று மாலையே வீடு திரும்பிவிட்டேன்.

முடிவு காசநோய். கிருமி வளர்ப்புச் சோதனைக்கு இன்னும் பல வாரங்கள் ஆகும் என்றாலும், திசுவில் தெரிந்த அடையாளங்களை வைத்தே சிகிச்சையைத் தொடங்கலாம் என்றார்கள். விசாவுக்காகச் சென்னையில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துச் சான்றிதழ் வாங்கித்தானே வந்தேன் என்று திகைத்தேன். நுரையீரலைத் தாக்கியிருக்கும் நோயைத்தான் அந்தப் படம் காட்டும். உடலில் உறங்கிக் கிடக்கும் கிருமி பல ஆண்டுகள் கழித்துக்கூட விழித்து, நெறியில் தங்கி வளரலாம். நெறியில் மட்டும் இருக்கும் காசநோய் பொதுவாகப் பிறருக்குப் பரவுவதில்லை என்பதை அறிந்த பிறகே பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளும் தைரியம் வந்தது.

காசநோய் என்றால் தனியே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள் என்ற பயம் என் அம்மாவின் தலைமுறைக்கு இன்னும் உண்டு. வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிடுவது சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கு இணையான பலன் தரும் என்று 1959இல் உலகுக்குக் காட்டிய ஆய்வு சென்னையில்தான் நடந்தது. அதை நடத்திய, சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் பணியில் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்துக்கும் பங்கு இருந்தது. இதைச் சொன்ன பிறகு அம்மா தொலைபேசியில் அழுவதை நிறுத்தினார். "அப்படின்னா நம்ம ஊர் வைத்தியம்தான்" என்றார்.

முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு. அவற்றில் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் என்று காசநோய் நர்ஸ் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பதறவில்லை. இங்கே காசநோய்ச் சிகிச்சைக்கு, விசா நிலை எதுவாக இருந்தாலும், யாரிடமும் பணம் வாங்குவதில்லை. கட்டணத்துக்கோ அக்கம்பக்கத்தார் பேச்சுக்கோ அஞ்சிக் கழுத்துக் கட்டியைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டிருக்கும் நம்மவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்ததும் அதிலுள்ள எண்ணை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்போதே பதிந்துவைத்துவிடுங்கள்.