உள்ளே ஓர் இஞ்சு துணி

ஜனவரி 12, 2025, ஞாயிறு

நாத்தனார் மகள் கல்யாணத்துக்காகச் சிங்கப்பூர் தேக்காவில் ரவிக்கைக்கு அளவு கொடுத்தேன். தையல்கார அக்கா டேப்பைச் சுற்றினார், தளர்த்தினார், மறுபடி சுற்றினார். பழைய அளவு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கப் வச்சுத் தைச்சிடவாம்மா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மூன்றரை வருடம் பால் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு நாளுக்காகவும் வருந்தியதில்லை. ஆனாலும் மார்பு வற்றிப்போய்விட்டது. குளித்துவிட்டு வரும்போது கண்ணாடிக்கு முதுகைக் காட்டியே உடுத்துகிறேன். எனக்கு 41 வயது. இதை எழுதத் துணிவதற்கே ஒரு வருடம் ஆகிவிட்டது.

ஜனவரி 23, வியாழன்

நோவீனா பக்கம் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தேன். பெண் மருத்துவர். பேச்சுக்கு நடுவே மார்பகத்துக்குள் வைக்கும் ஒரு சிலிக்கான் பையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். முதலில் சில்லென்று இருந்தது. அவர் பேசி முடிப்பதற்குள் என் கைச்சூடு அதற்கும் ஏறிவிட்டது. அதைத் திருப்பிக் கொடுக்கும்போது, வேண்டாம் என்று முடிவெடுக்கத்தான் வந்தேனா என்ற சந்தேகம் எழுந்தது. அவ்வளவு மென்மை.

"இது ஆயுசுக்கும் இருக்கும்னு நினைக்காதீங்க" என்றார். பையைச் சுற்றி உடம்பு ஒரு சவ்வை வளர்க்குமாம். சிலருக்கு அது இறுகி, மார்பகம் கல்லாகிவிடுமாம். சிலிக்கான் கசிந்தால் வெளியே தெரியாது. அதனால் ஐந்தாறு வருடத்தில் ஒரு ஸ்கேன், அதன் பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்று.

சொந்தக் கொழுப்பை வைக்க முடியுமா என்று கேட்டேன். வயிற்றையும் தொடையையும் கிள்ளிப் பார்த்தார். "ஒரு தடவைக்குத் தேறும். இரண்டாவது தடவைக்குத் தேறுமா என்பது சந்தேகம்." உறிஞ்சி எடுக்கும் கொழுப்பிலிருந்து இரத்தத்தையும் எண்ணெயையும் பிரித்துவிட்டு, மெல்லிய குழாய் வழியே பல அடுக்குகளில் துளித்துளியாக இடுவார்களாம். 100 மில்லி ஏற்றினால் 50 முதல் 70 தங்கலாம், மிச்சத்தை உடம்பே கரைத்துவிடும். எது தங்கியது என்று தெரிய நாலைந்து மாதமாவது ஆகும்.

அவர் சொன்னதை நான் நாற்று நடுவதாகத்தான் புரிந்துகொண்டேன். கொத்தாக ஒரே குழியில் வைத்தால் நடுவில் இருப்பது அழுகும். இடைவெளி விட்டு நட்டால்தான் வேர் பிடிக்கும். இங்கே வேர் என்பது இரத்த ஓட்டம்.

ஜனவரி 25, சனி, இரவு

பிள்ளைகள் தூங்கிய பிறகு படித்துக்கொண்டே இருந்தேன். வேர் பிடிக்காத கொழுப்பு எண்ணெய்க் கட்டியாகவோ, கெட்டியான முடிச்சாகவோ, சுண்ணாம்புத் துகளாகவோ மாறலாம். மேமோகிராமில், அதாவது மார்பக எக்ஸ்ரேயில், இதே துகள்தான் புற்றுநோயோ என்று சந்தேகிக்கவும் வைக்கிறது. இந்தப் பயத்தால்தான் 1987இல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் மார்பில் கொழுப்பு ஏற்றுவதையே எதிர்த்தது. 2009இல் அந்த நிலையைத் தளர்த்தியது. படம் பார்த்துப் பழகிய கண்கள் பெரும்பாலும் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுகின்றன.

இம்ப்ளாண்ட் எனும் அந்தச் சிலிக்கான் பையின் பக்கமும் நிம்மதி இல்லை. மேற்பரப்பு சொரசொரப்பான சில வகைகளை, ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோயின் காரணமாக 2019இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அதோடு பை இருந்தால் மேமோகிராமில் திசுவின் ஒரு பகுதி மறையும், கூடுதல் கோணங்களில் படம் எடுக்க வேண்டும்.

என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது 52 வயதில். அழகைப் பற்றி யோசிக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் சித்தியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

விடுப்பு போட்டுவிட்டுப் பால்குடம் எடுத்தேன். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை அம்மா கூடவே நடந்தார். தண்ணீர்ப் பந்தலில் மோர் குடிக்கும்போது சொல்லிவிட்டேன். "இந்த வயசுல எதுக்குடி?" என்று கேட்பார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "கட்டி கிட்டி வருமா?"

"வரலாம்மா. வந்தாலும் இன்னதுன்னு தெரியணும். அதுக்குத்தான் முன்னாடியே படம் எடுக்கப்போறேன்."

"சித்தி மாதிரி தள்ளிப் போடாத" என்றார். மறுபடி நடந்தோம்.

பிப்ரவரி 20, வியாழன்

மேமோகிராம் முடிவு வந்தது. கோளாறு ஏதும் இல்லை. 40இலிருந்து 49 வரை வருடத்துக்கு ஒருமுறை எடுக்கலாம் என்று இங்கே சொல்கிறார்கள். நான் ஒரு வருடத்தைக் கோட்டைவிட்டிருந்தேன். இதைப் படிக்கும் அக்கா தங்கைகளே, எந்தச் சிகிச்சையும் வேண்டாம் என்றாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

படங்களோடு மருத்துவரிடம் மறுபடி போனேன். பின்னால் ஏதாவது தென்பட்டால் ஒப்பிட இவை உதவும் என்றார். கொழுப்பு ஏற்றினால் அரைக் கப், மிஞ்சிப் போனால் ஒரு கப் கூடும். தொய்வு நிமிராது, அதற்குத் தனி அறுவை சிகிச்சை. உடம்பு இளைத்தால் அங்கேயும் இளைக்கும். மறைக்காமல் சொன்னதற்காகவே அவரை நம்புகிறேன்.

அரைக் கப் போதும் எனக்கு. வேறொருத்தியாக மாற ஆசை இல்லை. வற்றிப்போன இடத்தில் கொஞ்சம் நிறைந்தால் போதும். அழகுக்காகச் செய்வதால், மருத்துவச் செலவுக்கென்று அரசு சேர்க்க வைக்கும் மெடிசேவ் பணத்தைத் தொட முடியாது, என் சேமிப்பிலிருந்துதான். ஜூன் பள்ளி விடுமுறைக்கு நாள் கேட்டிருக்கிறேன். இவரிடம் சொன்னபோது, "நீ ஓய்வெடுக்கிற ரெண்டு வாரமும் நான் சமைச்சுக்கிறேன்" என்றார்.

மார்ச் 1, சனி

தேக்காவுக்குப் போனேன். மெஷினில் இருந்த பாவாடையை ஒதுக்கிவிட்டு அக்கா என் ரவிக்கைத் துணியை எடுத்தார்.

"கப் வேணாம்க்கா. இப்ப இருக்கிற அளவுக்கே தைங்க. உள்ளே மட்டும் ஓர் இஞ்சு துணி விட்டு வையுங்க."

அக்கா சாக்குக்கட்டியால் இரண்டு பக்கமும் கோடு போட்டுக்கொண்டார்.