15,300 கிலோமீட்டர் தூரம், 18 மணி நேரத்துக்கும் மேலான பயணம்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். பூமியின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோடான பெருவட்டப் பாதையின் நீளம் அது. இரண்டு நகரங்களும் ஏறக்குறைய நேர் எதிரான தீர்க்கரேகைகளில் அமைந்திருப்பதால், அந்தக் கோடு வட துருவத்தை ஒட்டிச் செல்கிறது. தட்டையான வரைபடத்தையே பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்ப முடியாததாகத் தோன்றலாம், ஆனால் ஒரு பூமி உருண்டையில் நூலைப் பிடித்துப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

இந்தத் தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்தால் 17 மணி நேரம் வருகிறது. ஆனால் அட்டவணையில் 18 மணி நேரத்துக்கும் அதிகமாகவே போட்டிருப்பார்கள். விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் சேருமிடத்தில் வந்து நிற்பது வரை முழுவதும் பயண நேரமாகவே கணக்கிடப்படுகிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் காற்று. நியூயார்க் செல்லும் விமானம் பல நாட்களில் துருவப் பக்கமே போகாமல், பசிபிக் பெருங்கடலின் மேலாக, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கூடுதலாகப் பறக்கிறது. ஏனெனில் அங்கே வானில் மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் ஜெட் காற்றோட்டம் அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. நீளமான வழியே விரைவான வழியாகிவிடும் இந்தக் கணக்கு எனக்கு அலுப்பதே இல்லை.

2020 பிப்ரவரியில் இந்தக் காற்று எவ்வளவு வலிமையானது என்பதை உலகமே கண்டது. நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் பயணத்தை, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று 5 மணி நேரத்துக்குள் முடித்தது. தரையை வைத்து அளந்தால் அதன் வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது, என்றாலும் தன்னைச் சுற்றிலும் இருந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்துகொண்டிருந்தது. எதிர்த்திசையில் வரும் விமானங்களுக்கு அதே காற்று தடையாக நிற்கும். ஆகவே, தூரத்தை ஒரே எண்ணாகச் சொல்வது சரி. பயண நேரத்தைப் போவதற்கும் வருவதற்கும் தனித்தனியாகச் சொல்லாவிட்டால் அது அரைகுறைத் தகவல் என்பதே என் உறுதியான கருத்து.

காற்றைப் போலவே அரசியலும் பாதையை வளைக்கிறது. 2022இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடிய பிறகு, சுமார் ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஏறக்குறைய 13 மணி நேரமாக நீண்டது.

பயணச்சீட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊரின் நேரப்படியே அச்சிடப்படுகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். டோக்கியோவில் மாலையில் புறப்படும் விமானம் சர்வதேசத் தேதிக் கோட்டைக் கடந்து, அதே தேதியின் காலையில் லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கும். இரண்டு நேரங்களையும் உலகம் முழுவதற்கும் பொதுவான ஒருங்கிணைந்த உலக நேரத்துக்கு (UTC) மாற்றிக் கழித்தால்தான் உண்மையான பயண நேரம் தெரியும்.